கத்தி கைமாறிய வரலாறு: பாதுகாப்புச் சவரக்கருவியும் நாவிதரின் அறிவும்

முன்னுரை

தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் பழக்கம் உலகில் பரவலாகி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டே ஆகிறது. அதற்கு முன்னர் ஆடவருள் பலர் நாவிதரை நாடிச் சென்றனர். அல்லது நாவிதர் அவர்தம் இல்லம் தேடி வந்தார். கூரிய கத்தியைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கழுத்தை நிமிர்த்தி அமர்வது ஒரு நம்பிக்கைச் செயலாகும். அந்தக் கத்தி நாவிதர் கையிலிருந்து அவரிடம் மழித்துக்கொண்டவரின் கைக்கு மாறிய வரலாறே, பேச்சு வழக்கில் ‘ரேசர்’ எனப்படும் பாதுகாப்புச் சவரக்கருவியின் வரலாறு எனலாம்.

இவ்வாய்வில் எம்மை ஈடுபடுத்தியது ஒரு சிறு நிகழ்ச்சி. 1960ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட பழைய சவரக்கருவி ஒன்று எம் கைக்கு வந்தது. புதிய பிளேடு இட்டு முதன்முறை பயன்படுத்தியபோது கன்னத்தில் இரண்டு இடங்களில் குருதி கசிந்தது. பிழை கருவியினுடையதன்று, எம் கையினுடையது. நாம் வழக்கமாகச் செல்லும் முடிதிருத்தும் நிலையத்தின் முதியவரிடம் இதைக் கூறியபோது, பிளேடு கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, முகமும் அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்றார். அடுத்த சில நாள்கள் அவர் சொன்னபடி செய்தோம். காயமும் எரிச்சலும் நீங்கின.

கருவியை வாங்கிக்கொண்ட நாம் அதற்குரிய அறிவை அவரிடமே விட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று. பாதுகாப்புச் சவரக்கருவி நாவிதரின் துணையைத் தேவையற்றதாக்கியது. அவருடைய அறிவைத் தேவையற்றதாக்கவில்லை என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

கத்தியைப் பேணும் கலை

பாதுகாப்புச் சவரக்கருவிக்கு முன் வழக்கில் இருந்தது மடக்குச் சவரக்கத்தி. அதனைக் கையாள்வதில் மூன்று திறன்கள் அடங்கியிருந்தன. முதலாவது, கூரைப் பேணுதல். ஒவ்வொரு மழிப்புக்கு முன்னும் கத்தியைத் தோல்வாரில் தீட்ட வேண்டும்; கூர் மழுங்கியபின் சாணைக்கல்லில் இழைக்க வேண்டும். இரண்டாவது, கோணத்தைக் காத்தல். கத்தியை ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிடித்து, முகத்தின் மேடுபள்ளங்களுக்கேற்ப மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். மூன்றாவது, முகத்தை அறிதல். எவ்விடத்தில் மயிர் எத்திசையில் வளர்கிறது, எவ்விடத்தில் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பன கைப்பழக்கத்தால் மட்டுமே கைகூடுவன.

இத்திறன்கள் மருத்துவத்தோடு நெருங்கியவை. இலண்டனில் நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் 1540ஆம் ஆண்டு ஒரே தொழிற்குழுவாக இணைக்கப்பட்டனர், 1745இல்தான் பிரிந்தனர். பிரான்சின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரே நாவித அறுவையராகவே தம் தொழிலைத் தொடங்கியவர். தமிழகத்திலும் இந்நிலை இருந்தமைக்குச் சொற்களே சான்று. நாவிதர் சமூகத்தார் மருத்துவர் என வழங்கப்பட்டனர். அச்சமூகத்துப் பெண்கள் மகப்பேறு பார்க்கும் மருத்துவச்சிகளாக விளங்கினர். நாவிதரின் கருவிப்பைக்கு ‘அடைப்பம்’ என்று தனிப்பெயரே இருந்தது.

மழித்தல் என்னும் சொல் திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரத்திலேயே இடம்பெறும் தொன்மையுடையது. சவரம் என்பது வடமொழி வழி வந்தது. இவற்றோடு ஒரே பொருள் தரும் சிரைத்தல் என்னும் சொல்லோ, இன்றைய பேச்சில் ஒருவரை இழித்துரைக்கும் வசையாக மாறிவிட்டது. ஒரு தொழிலின் வினைச்சொல் வசைச்சொல்லாவது, அத்தொழிலைச் செய்தோரைச் சமூகம் எங்கு நிறுத்தியது என்பதைக் காட்டும். இதனைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

காப்பு என்னும் கருத்து

தானே மழித்துக்கொள்வதற்கு ஏற்ற கருவியை எண்ணிப் பார்த்தவர்களுள் முன்னோடி, பாரிசு நகரத்துக் கத்திக் கொல்லர் ழான் ழாக் பெரே. மழித்துக்கொள்வதைத் தானே கற்கும் கலையைப் பற்றி 1769ஆம் ஆண்டு அவர் ஒரு நூலே எழுதினார். மடக்குக் கத்தியின் அலகைச் சுற்றி மரக்காப்பு ஒன்றைப் பொருத்தி, கூரின் ஓரம் மட்டும் வெளியே தெரியுமாறு அமைத்தார். கத்தி ஆழமாக இறங்குவதை அக்காப்பு தடுத்தது. பெரே கருவியை மட்டும் தரவில்லை. கற்பிக்கும் நூலையும் உடன் தந்தார் என்பது நம் ஆய்வுக்கு முதன்மையானது. கத்தி கைமாறும்போது அறிவும் கைமாற வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1847இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்சன், அலகைக் கைப்பிடிக்குச் செங்குத்தாக, மண்வெட்டி போன்ற வடிவில் அமைத்துக் காப்புரிமை பெற்றார். நீராவியால் பறக்கும் ஊர்தி ஒன்றை வடிவமைத்தவராகவும் இவர் அறியப்படுகிறார். இன்று நாம் கையாளும் சவரக்கருவிகளின் பொதுவடிவம் இவரிடமிருந்தே தொடங்குகிறது. 1880இல் நியூயார்க்கின் கேம்ப் உடன்பிறப்புகள் இவ்வடிவத்தோடு கம்பிக் காப்பையும் சேர்த்துக் காப்புரிமை பெற்றனர். ‘ஸ்டார்’ என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1886இல் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டபோது அக்கருவியை உடன் கொண்டுசென்றார். மறு ஆண்டு வெளியான தம் பயண நூலில் அதனைப் பாராட்டியும் எழுதினார்.

எனினும் ஸ்டார் கருவியின் அலகு, தடித்த கத்தித் துண்டேயாகும். அதனை அடிக்கடி கழற்றித் தோல்வாரில் தீட்ட வேண்டியிருந்தது. கோணத்தைப் பற்றிய அச்சம் குறைந்தது. கூரைப் பேணும் சுமை குறையவில்லை.

தீட்ட வேண்டாத எஃகு

அச்சுமையை நீக்கியவர் கிங் கேம்ப் ஜில்லெட். 1855ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்த அவர், பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சென்று பொருள் விற்ற விற்பனையாளர். புட்டி மூடிகளைச் செய்யும் நிறுவனமொன்றில் பணியாற்றியபோது, அம்மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிந்துவிட்டு மக்கள் மீண்டும் வாங்க வரும் பொருள் ஒன்றை உருவாக்குமாறு அவருக்கு அறிவுரை கூறினார். 1895ஆம் ஆண்டு ஒரு காலைப்பொழுதில், தீட்டியும் பயன்தராத தம் மழுங்கிய கத்தியைக் கையில் பிடித்திருந்தபோது அவ்வறிவுரைக்குரிய பொருள் தமக்குப் புலப்பட்டதாக ஜில்லெட் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இதற்கு ஓராண்டுக்கு முன்புதான், வணிகப் போட்டியே சமூகத் தீமைகளின் வேர் என வாதிட்டு, நயாகரா அருவியின் அருகே மாநகரொன்றை அமைத்து மக்கள் அனைவரும் ஒரே நிறுவனத்தின் கீழ் வாழ வேண்டும் என்று அவர் நூல் எழுதியிருந்தார். போட்டியை ஒழிக்க விழைந்தவர், தூக்கி எறியும் பொருளின் வணிகத்தால் செல்வரானமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

ஜில்லெட்டின் எண்ணம் எளியது. அதனைச் செயற்படுத்துவது அரிது. தாள் போன்ற மெல்லிய எஃகை வளையாமல் கடினப்படுத்தவும் கூராக்கவும் இயலாது என்றே துறைவல்லோர் கருதினர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற வில்லியம் நிக்கர்சன் 1901ஆம் ஆண்டு இப்பணியில் இணைந்து, எஃகைச் சூடேற்றிக் குளிர்விக்கும் முறைகளையும் கூராக்கும் பொறிகளையும் உருவாக்கினார். அவ்வாண்டே நிறுவனமும் தொடங்கப்பெற்றது. 1903இல் விற்பனையானவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. 1904இல் விற்ற கருவிகள் 90,000ஐயும் அலகுகள் 120,000ஐயும் தாண்டின. 1904 நவம்பர் 15ஆம் நாள் காப்புரிமை வழங்கப்பட்டது.

இக்கருவியின் நுட்பம் அதன் தலைப்பகுதியில் உள்ளது. வளைந்த மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் இடையே அலகு வைக்கப்படுகிறது. கைப்பிடியைத் திருகும்போது மெல்லிய அலகு மூடியின் வளைவுக்கேற்ப வளைந்து இறுகுகிறது. தனியே அசைந்தாடும் தகடு, வளைந்து இறுகியபின் கத்தியைப்போல் விறைப்பாக நிற்கிறது. அடித்தட்டின் ஓரம் காப்பாக அமைந்து, தோலை மெல்ல இழுத்துக் கூரின் முன் நிறுத்துகிறது. நாவிதரின் இடக்கை செய்த வேலையில் ஒரு பகுதியை அந்த ஓரமும், சாணைக்கல்லின் வேலையைத் தொழிற்சாலையும் ஏற்றுக்கொண்டன.

போர்க்களமும் சந்தையும்

தொடக்கத்தில் இக்கருவியின் விலை 5 அமெரிக்க டாலர். அது எளியோர் வாங்கக்கூடிய விலையன்று. கைப்பிடியை மலிவாகக் கொடுத்து அலகில் இலாபம் ஈட்டும் உத்தியை ஜில்லெட்டே தொடங்கினார் என்பது வணிகப் பாடநூல்களில் வழங்கிவரும் செய்தி. சிக்காகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2011ஆம் ஆண்டு வெளியான தம் ஆய்வில் இதனை மறுத்துள்ளார். காப்புரிமை நடப்பில் இருந்த காலம் முழுவதும் கருவியின் விலை உயர்வாகவே வைக்கப்பட்டிருந்தது என்றும், 1921இல் காப்புரிமை முடியும் தறுவாயில்தான் பழைய வகைக் கருவி மலிவு விலைக்கு வந்தது என்றும் அவர் காட்டுகிறார். வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியை ஆண்டுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

கருவியைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்ததில் முதல் உலகப் போருக்குப் பெரும்பங்கு உண்டு. நச்சுவளி முகமூடி முகத்தோடு ஒட்டி அமைவதற்குத் தாடி தடையாக இருந்தது. பதுங்குகுழியில் நாவிதரும் இல்லை. தோல்வாரைத் தொங்கவிடச் சுவரும் இல்லை. அமெரிக்கப் படையினருக்காக ஏறத்தாழ 3.5 மில்லியன் கருவிகளும் 30 மில்லியனுக்கும் மேற்பட்ட அலகுகளும் வழங்கப்பட்டன. போர் முடிந்து திரும்பியோர் கருவியை மட்டுமன்றி, நாள்தோறும் தாமே மழித்துக்கொள்ளும் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தனர்.

அதன்பின் வந்த மாற்றங்கள் பலவும் கையின் பொறுப்பைக் கருவிக்கு மாற்றுவனவாகவே அமைந்தன. 1934இல் கைப்பிடியைத் திருகினால் இரு கதவுகளாகத் திறக்கும் தலை வந்தது. 1958இல் அலகு வெளியே தெரியும் அளவை 1 முதல் 9 வரை கூட்டவும் குறைக்கவும் வல்ல கருவி வந்தது. 1960களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகு அலகுகள் பரவின. 1971இல் இரட்டை அலகு கொண்ட பொதியுறையும், 1975இல் முழுவதுமாகத் தூக்கி எறியும் நெகிழிக் கருவியும் வந்தன. அமெரிக்க வீடுகளின் குளியலறைப் பேழைகளில், பழைய அலகுகளைச் சுவரின் உள்ளிடத்துக்குள் போட்டுவிடுவதற்கென்றே ஒரு சிறு பிளவு இருந்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது துருவேறிய அலகுகள் குவியலாகக் கொட்டுவது இன்றும் உண்டு.

கருவி அறியாதது

நாவிதரின் திறன்கள் மூன்று என முன்னர்க் கண்டோம். அவற்றுள் கூரைப் பேணுதலைத் தொழிற்சாலை முழுமையாக ஏற்றது. கோணத்தைக் காத்தலைக் கருவியின் தலை பாதியளவே ஏற்றது. முகத்தை அறிதலையோ எக்கருவியும் ஏற்கவில்லை. பழைய பாதுகாப்புச் சவரக்கருவியால் நெருக்கமாகவும் எரிச்சலின்றியும் மழித்துக்கொள்ளும் முறையை ஆராய்ந்தால் இவ்வுண்மை புலனாகும்.

முதற்படி நீர். உலர்ந்த தாடி மயிர் விறைப்பானது. வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் நனைந்தபின் அதனை அறுக்கத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. நாவிதர் முகத்தில் வெந்நீர்த் துண்டு வைப்பது உபசாரத்திற்காக மட்டுமன்று. அடுத்தது நுரை. தூரிகையால் வட்டமாகத் தேய்க்கும்போது படிந்துள்ள மயிர் நிமிர்கிறது. நுரையில் உள்ள நீர் உலராமல் நின்று அலகை வழுக்கிச் செல்லவிடுகிறது.

மூன்றாவது சாய்வு. கருவியின் மேல்மூடியைக் கன்னத்தில் வைத்து, கூர் மயிரைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லத் தாழ்த்த வேண்டும். அந்நிலையே அதற்குரிய கோணம். நான்காவது, அழுத்தாமை. பழைய கருவிகள் பித்தளையால் செய்யப்பட்டு மேற்பூச்சு பெற்றவை. அவற்றின் எடையே போதும். பொதியுறைக் கருவிகளால் அழுத்தி மழித்துப் பழகியவர், பழைய கருவியை எடுக்கும்போது காயம் படுவது இதனாலேயே. எம் கன்னத்தில் நேர்ந்ததும் இதுவே.

ஐந்தாவது திசை. முதலில் மயிர் வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். மீண்டும் நுரையிட்டுக் குறுக்குத் திசையில் மழிக்கலாம். தோல் தாங்குமாயின் மட்டுமே எதிர்த்திசை. நெருக்கமான மழிப்பு ஒரே இழுப்பில் கிட்டுவதன்று. படிப்படியாகக் குறைத்துப் பெறுவது. அழுத்தி எதிர்த்திசையில் மழித்தால் மயிர் தோலுக்குக் கீழே அறுபட்டு, மீண்டும் வளர்கையில் தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகும். சுருள்மயிர் உடையோர்க்கு இத்தொல்லை மிகுதி. கழுத்தில் மயிர் பல திசைகளில் வளர்வதால், அவரவர் கழுத்தை அவரவரே விரலால் தடவி அறிய வேண்டும். இறுதியாகத் தண்ணீரும் படிகாரமும். நனைத்த படிகாரக் கல்லைத் தடவினால் தோல் சுருங்கிச் சிறு கீறல்களின் குருதி நிற்கும். நம் ஊர் முடிதிருத்தும் நிலையங்களில் கண்ணாடியின் முன் தேய்ந்துபோய்க் கிடக்கும் வெண்கல் இதுவே.

மேற்கூறிய ஆறும் நாவிதர்கள் அன்றாடம் செய்துவந்தவை. கருவி விற்கப்பட்ட பெட்டிக்குள் இவ்வறிவு முழுமையாக வைக்கப்படவில்லை, வைக்கவும் இயலாது.

கத்தியை இழந்த கைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் முடிதிருத்தும் தொழிலில் கறுப்பின மக்கள் சிறந்து விளங்கினர். அவர்களுள் பலர் வெள்ளையருக்கென நடத்தப்பட்ட நிலையங்களின் உரிமையாளராகவும் உயர்ந்தனர். 1858இல் அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ன்டன், அட்லாண்டா நகரில் புகழ்பெற்ற முடிதிருத்தகங்களை நிறுவினார். 1905இல் அவர் தொடங்கிய காப்புறுதி நிறுவனம் கறுப்பின மக்களின் பெரும் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. தம் கழுத்தையே அக்கைகளில் ஒப்படைத்த சமூகம், அக்கைகளுக்குரியோரைத் தம்முடன் அமர விடவில்லை. 1906ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஹெர்ன்டனின் நிலையம் தாக்கப்பட்டது. வெள்ளையினப் பெண்களுக்கும் சிறுவர்க்கும் கறுப்பினத்தார் முடிதிருத்தக் கூடாதென அட்லாண்டா நகர மன்றம் 1926இல் விதி இயற்றியது. மறு ஆண்டு நீதிமன்றம் அதனைத் தள்ளியது. இனப் பாகுபாடு, குடியேறிகளின் போட்டி, உரிமச் சட்டங்கள் ஆகியவற்றால் தளர்ந்துவந்த இத்தொழிலில், நாள்தோறும் மழிக்க வருவோரின் வருவாயைப் பாதுகாப்புச் சவரக்கருவி மேலும் குறைத்தது.

தமிழகத்தின் நிலை வேறு. எனினும் ஒப்புநோக்கத் தக்கது. ஊர் நாவிதர் பிறப்பாலேயே அப்பணிக்குரியவராக்கப்பட்டு, அறுவடைக் காலத்தில் நெல்லைக் கூலியாகப் பெற்றார். ஊரார் முகம் அனைத்தையும் தொட்ட அவர், அவர்தம் வீட்டுத் திண்ணைக்கு அப்பால் செல்ல இயலவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கோ பல ஊர்களில் அவருடைய பணியே மறுக்கப்பட்டது. சாதி வரையறுத்த இவ்வுறவில், தன் கையிலேயே ஏந்தத்தக்க ஒரு கருவி இருபுறமும் விடுதலைக்கு வழியாகலாம். கட்டாயப் பணியிலிருந்து நாவிதர்க்கும், மறுக்கப்பட்ட பணியிலிருந்து ஒடுக்கப்பட்டோர்க்கும் அது விலகி நிற்கும் வாய்ப்பைத் தந்தது. ஆயினும் வசைச்சொல் மட்டும் விலகவில்லை.

மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலில் இத்தொழில் சாதிப் பணியாக அன்றி நகர்ப்புற வணிகமாக வளர்ந்தது. கடைவீதிகளின் ஐந்தடி நடைபாதைகளில் நாற்காலியும் கண்ணாடியும் வைத்துத் தொழில் செய்தோர் பின்னர் நிலையங்களை அமைத்தனர். இன்று அந்நிலையங்கள் எதிர்கொள்ளும் சிக்கல் ஆள் பற்றாக்குறை. மலேசியாவில் இத்துறைக்கு வெளிநாட்டுத் தொழிலாளரைத் தருவிப்பது 2009 முதல் முடக்கப்பட்டிருந்தது. 2023இல் மீண்டும் அனுமதிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. உள்ளூர் இளைஞர் இத்தொழிலைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவதற்கு ஊதியம் மட்டுமே காரணமா, அதன் பெயரோடு ஒட்டிய இழிவும் காரணமா என்பது ஆராயத்தக்கது.

முடிவுரை

எமக்கு அறிவுரை கூறிய முதியவரிடம் மழித்துக்கொள்ளச் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். இருபுறமும் கூருடைய பிளேடு ஒன்றைத் தாளுறையோடு எடுத்து, நடுவே மடக்கி ஒடித்துப் பாதியை மடக்குக் கத்தி வடிவில் உள்ள பிடியில் செருகுவார். மழித்து முடித்ததும் அப்பாதியை எறிந்துவிடுவார். நோய்த்தொற்று குறித்த அச்சத்தால் ஆளுக்கொரு புதிய அலகு என்பது இன்று நடைமுறையாகிவிட்டது. நாவிதரிடம் செல்லாமலே மழித்துக்கொள்வதற்கென உருவாக்கப்பட்ட அலகு, நூறாண்டுகளுக்குப் பின் நாவிதர் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. தொழிற்சாலையின் கூரும் நாவிதரின் அறிவும் அங்கு ஒன்றாகின்றன.

இவ்வறிவு பெரும்பாலும் எழுதப்படாமல் கைவழியாகவே வந்தது. கருவிகளின் பெயர்கள், தீட்டும் முறைகள், முகத்தின் பகுதிகளுக்கு வழங்கிய சொற்கள் ஆகியவற்றை இன்று எஞ்சியுள்ள முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்வது தமிழாய்வுத் துறைகளின் கடமையாகும். தமிழாசிரியர்கள் செய்யத்தக்கது அதனினும் எளியது. அடைப்பம் என்னும் சொல்லை மாணவர்க்கு விளக்குங்கால், அப்பையைச் சுமந்தவர் மருத்துவரும் ஆவார் என்பதையும் சேர்த்துக் கூறலாம். வகுப்பில் ஒரு மாணவன் மற்றவனைச் சிரைக்கப் போ என்று ஏசும்போது, அச்சொல்லுக்குப் பின்னால் எத்துணைத் திறன் உள்ளது என்பதை எடுத்துரைக்கலாம். கத்தி கைமாறிவிட்டது, அதற்குரிய மதிப்பு இன்னும் கைமாறவில்லை.